சுவரில் பூசியது எங்கே போகிறது? கொழும்பின் கட்டடங்களும் அழியாத புளோரின் இரசாயனங்களும்

2005ஆம் ஆண்டு, சுற்றாடல் கண்காணிப்புத் தொடர்பான சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் இலங்கையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஜப்பானில் பணியாற்றிய இலங்கை விஞ்ஞானி கீர்த்தி குருகேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதை எழுதியிருந்தார்கள். கொழும்பு நகரவாசிகளிடமிருந்தும் தேயிலைத் தோட்டப் பகுதித் தொழிலாளர்களிடமிருந்தும் பெறப்பட்ட இரத்த மாதிரிகளில், புளோரின் கலந்த ஒரு வகைச் செயற்கை இரசாயனங்களை அவர்கள் தேடினார்கள். அவற்றுள் முக்கியமான இரண்டு, பரிசோதித்த எல்லா இரத்தச் சீர மாதிரிகளிலும் இருந்தன.

இந்த இரசாயனங்களை உற்பத்தி செய்த நாடுகளின் வரிசையில் இலங்கை இருந்ததில்லை. கொழும்பில் வாழ்பவரின் இரத்தத்திலும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் இரத்தத்திலும் அவை எப்படி வந்தன? பொருட்களோடு வந்தன. கறை பிடிக்காத துணி, ஒட்டாத தாச்சி, எண்ணெய் ஊறாத உணவுப் பொதி, தீயணைப்பு நுரை என்று நாம் இறக்குமதி செய்த பலவற்றில் அவை இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே ஆய்வாளர் குழு இலங்கையின் நீர்நிலைகளிலும் இந்த வகை இரசாயனங்கள் இருப்பதைப் பதிவு செய்தது.

அதற்குப் பிறகு கொழும்பின் தோற்றம் மாறிவிட்டது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கைகளில் ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் தொடர்மாடிகள் நிற்கின்றன. கொட்டாஞ்சேனையிலும் ஆமர் வீதிப் பக்கத்திலும் பழைய கடைகளின் முகப்புகளைப் பளபளக்கும் அலுமினியப் பலகைகள் மூடியிருக்கின்றன. 2022 நெருக்கடியில் பாதியில் நின்ற கட்டடங்களில் மீண்டும் வேலை நடக்கிறது. அந்தப் பழைய ஆய்வு கண்டுபிடித்த இரசாயனக் குடும்பம் இன்று கட்டடப் பொருட்கள் வழியாகவும் நகருக்குள் வருகிறது. ஒரு கட்டடம் 50 ஆண்டுகள் நிற்கக்கூடியது. அதில் சேர்ந்தது அந்த 50 ஆண்டுகளிலும், அதை இடிக்கும் நாளிலும், அதற்குப் பிறகும் சிறிது சிறிதாக வெளியேறும்.

பிஃபாஸ் என்றால் என்ன?

பெர்புளோரோஅல்கைல், பொலிபுளோரோஅல்கைல் சேர்வைகள் என்பது முழுப் பெயர். உலகம் முழுவதும் சுருக்கமாக 'பிஃபாஸ்' என்கிறார்கள். இது தனியொரு இரசாயனத்தின் பெயர் அல்ல. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2018இல் தொகுத்த பட்டியலில் மாத்திரம் 4,700க்கும் மேற்பட்ட சேர்வைகள் இருந்தன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது, காபன் அணுக்களோடு புளோரின் அணுக்கள் இறுகப் பிணைந்திருப்பது. சேதன இரசாயனத்தில் மிக வலிமையான பிணைப்புகளில் ஒன்று அது. வெயில், மழை, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள், நமது ஈரல் எதுவும் அதை எளிதில் உடைப்பதில்லை. எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது, சூட்டையும் தாங்கும். கைத்தொழிற்சாலைகள் இதை விரும்பியதற்கும் சுற்றாடல் ஆய்வாளர்கள் இதை அஞ்சுவதற்கும் காரணம் ஒன்றேதான்: இது அழிவதில்லை.

கதை தொடங்கியது 1938 ஏப்ரலில். அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தில் றோய் பிளங்கற் என்ற இரசாயனவியலாளர் குளிரூட்டி வாயு ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, உருளைக்குள் வெள்ளைத் தூள் ஒன்று படிந்திருக்கக் கண்டார். அதுதான் பின்னர் 'டெஃப்லான்' என்ற வர்த்தகப் பெயரில் உலகம் அறிந்த பி.டி.எஃப்.ஈ. அடுத்து வந்த தசாப்தங்களில் இந்தக் குடும்பம் பெருகியது. குருகே குழுவினர் எல்லா மாதிரிகளிலும் கண்ட இரண்டும், பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. என்று அழைக்கப்படும், இந்தக் குடும்பத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட உறுப்பினர்கள்.

கட்டடத்தில் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கிறீன் சயன்ஸ் பொலிசி நிறுவனம் 2021இல் கட்டடப் பொருட்களில் பிஃபாஸ் பற்றி ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. அது காட்டும் பட்டியல் கூரையில் தொடங்கி நிலத்தில் முடிகிறது. நமது ஹார்ட்வெயார் கடைகளுக்கும் கட்டட வேலைத் தளங்களுக்கும் பழக்கமான பொருட்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, உலோகத்தின் மேல் பூசப்படும் நிறம். கடை முகப்புகளிலும் அலுவலகக் கட்டடங்களிலும் பொருத்தப்படும் அலுமினியக் கூட்டுப் பலகைகளில் விலை கூடிய வகைகளுக்கும், சில உயர்தர உலோகக் கூரைத் தகடுகளுக்கும், பி.வி.டி.எஃப். என்ற புளோரின் பல்பகுதியப் பூச்சு பூசப்படுகிறது. கடல் காற்றிலும் கடும் வெயிலிலும் நிறம் மங்காது என்று நீண்ட உத்தரவாதம் தரப்படுவது இதன் பலத்தில்தான். விலை குறைந்த தகடுகளில் பெரும்பாலும் பொலியெஸ்டர் பூச்சு இருக்கும். அதில் இந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, பெயின்ட், வார்னிஷ், நில மெழுகு. பூச்சு சுவரில் சீராகப் பரவவும், தூரிகைக் கோடு தெரியாமல் மட்டமாகவும் சிலவற்றில் மிகச் சிறிய அளவு புளோரின் கலந்த சேர்மானம் இடப்படுகிறது. 'கறை பிடிக்காது', 'கழுவலாம்' என்று விளம்பரப்படுத்தப்படும் பூச்சுகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குணங்களைத் தரும் வழிகளில் அதுவும் ஒன்று.

மூன்றாவது, கல்லுக்கும் டைல்ஸுக்கும் கொங்கிறீட்டுக்கும் பூசும் சீலர்கள். கிரனைட் மேடையில் எண்ணெய் ஊறாமலும் டைல்ஸ் இடைவெளியில் கறை இறங்காமலும் இருக்கப் பூசுவது. இவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. சிலிக்கன் சார்ந்தவை தண்ணீரைத் தடுக்கும். புளோரின் சார்ந்தவை தண்ணீரோடு எண்ணெயையும் தடுக்கும். 

நான்காவது, தரைவிரிப்புகளும் திரைச்சீலைகளும் சோபாத் துணிகளும். கறை தடுக்கும் சிகிச்சை செய்த துணிகளில் பல ஆண்டுகளாக இந்த இரசாயனங்கள் பயன்பட்டு வந்தன.

ஐந்தாவது, குழாய் வேலையில் மரையில் சுற்றும் வெள்ளை டேப், சில வகை மின்கம்பி உறைகள், பெரிய கட்டடங்களின் கூடாரக் கூரைகளுக்குப் போடும் படலங்கள்.

இவை எல்லாம் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. குழாயில் சுற்றிய பி.டி.எஃப்.ஈ. டேப் பெரிய மூலக்கூறுகளால் ஆன திண்மப் பொருள். அது தண்ணீரில் கரைவதில்லை, உடலுக்குள் உறிஞ்சப்படுவதும் மிகக் குறைவு. உற்பத்தியாளர்கள் இந்த வாதத்தைத்தான் முன்வைக்கிறார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பல்பகுதியங்களைத் தயாரிக்கப் பல காலமாகப் பி.எஃப்.ஓ.ஏ. போன்றவை உதவிப் பொருளாகப் பயன்பட்டன. தொழிற்சாலை இருந்த ஊர்களின் நீரில் அவை கலந்தன. பாவித்து முடிந்தபின் அந்தப் பல்பகுதியங்கள் குப்பையாக எரியும்போது வேறு சேர்வைகள் உருவாகின்றன. துணிகளிலும் சீலர்களிலும் உள்ள பக்கச் சங்கிலிப் பல்பகுதியங்களின் நிலை வேறு. அவற்றின் புளோரின் கிளைகள் காலப்போக்கில் கழன்று, ஆவியாகவோ தூசியாகவோ வெளிவந்து, கடைசியில் பி.எஃப்.ஓ.ஏ. போன்ற அமிலங்களாக மாறக்கூடியவை. பெயின்டில் இடப்படும் சிறிய மூலக்கூறுகள் இன்னும் எளிதாக நகர்கின்றன.

கட்டடத்திலிருந்து வெளியேறும் நான்கு வழிகள்

முதல் வழி, வேலை நடக்கும் நாள். தூரிகையையும் றோலரையும் வாளியையும் கழுவிய தண்ணீர் பக்கத்து வடிகாலில் ஊற்றப்படுகிறது. சீலர் தெளிக்கும்போது அதன் துளிகள் காற்றில் மிதக்கின்றன. இந்த நாளில் மிக நெருக்கமாக அதைச் சுவாசிப்பவரும் தொடுபவரும் பெயின்ட் பாஸும் அவருடைய உதவியாளருமே. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அவர்கள்.

இரண்டாவது வழி, வெயிலும் மழையும். வெளிப்புறப் பூச்சு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. வெள்ளவத்தைக் கடற்கரையோரத்தில் உப்புக் காற்று அதை விரைவுபடுத்துகிறது. தேய்ந்தது மழைநீரோடு இறங்குகிறது.

மூன்றாவது வழி, வீட்டுத் தூசி. தரைவிரிப்பு, சோபா, பூசிய நிலம் ஆகியவற்றிலிருந்து வருவது தூசியோடு சேர்கிறது. நிலத்தில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட அதிகமாகத் தூசி உடலுக்குள் போகிறது.

நான்காவது வழிதான் மிகப் பெரியது. இடிப்பதும் எறிவதும். பலகை, விரிப்பு, துணி, கம்பி, பூசிய மரம் எல்லாம் கலந்து லொறியில் ஏறுகின்றன. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கத்தில் நடந்ததுபோல, வெள்ளம் வந்து வடிந்தபின் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளின் விரிப்புகளும் மெத்தைகளும் தெருவில் குவிவதும் உண்டு. குப்பை மேட்டில் மழை இறங்கி வழியும் கழிவுநீரில் பிஃபாஸ் இருப்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தொடர்ந்து உறுதிப்பட்டிருக்கிறது. தரைவிரிப்பும் துணியும் அதற்குப் பெரும் பங்களிப்பவை.

கொழும்பில் அது எங்கே போகும்?

இந்த நான்கு வழிகளையும் நமது நகரத்தின் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் விடயம் தெளிவாகும்.

கொழும்பு நகரின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. அதில் சேரும் கழிவுநீர் கடலுக்குள் நீளும் இரண்டு வெளியேற்றுக் குழாய்களால் கொண்டுசெல்லப்படுகிறது. தெற்கில் உள்ளது வெள்ளவத்தையில். வடக்கில் உள்ளது கொட்டாஞ்சேனைக்கு அப்பால், முகத்துவாரத்தில். தமிழர்கள் செறிந்து வாழும் நகரின் இந்த இரு பகுதிகளுமே அந்தத் தொகுதியின் இரு முனைகள். மழைநீரோ திறந்த வடிகால்களில் ஓடி வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய், சென் செபஸ்தியன் கால்வாய் போன்றவற்றில் விழுகிறது. அதுவும் கடலுக்கோ களனி ஆற்றுக்கோ போகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தாலும் இந்த இரசாயனத்துக்கு அது போதாது. வழமையான சுத்திகரிப்பு முறை மலத்தையும் கிருமிகளையும் கையாள அமைக்கப்பட்டது. காபன்-புளோரின் பிணைப்பை அது உடைப்பதில்லை.

திண்மக் கழிவின் கதை இன்னும் கசப்பானது. கொட்டாஞ்சேனையை ஒட்டிய புளூமெண்டால் குப்பை மேடு பல ஆண்டுகள் நகரின் கழிவைச் சுமந்தது. அது மூடப்பட்டபின் சுமை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லை மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு புத்தளத்தின் அருவக்காலுவும், 2021இல் தொடங்கிய கெரவலப்பிட்டிய எரிசக்தி நிலையமும் வந்தன. இடங்கள் மாறின. ஆனால் மூடிய மேடுகள் மறைந்துவிடவில்லை. புல் முளைத்த மேட்டுக்குள்ளும் மழை இறங்குகிறது. எரிப்பதைப் பொறுத்தவரை, இந்தச் சேர்வைகளை முழுமையாக உடைக்க ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸும் அதற்கு மேலும் வெப்பம் நிலையாகத் தேவை. வளவின் மூலையில் மூட்டும் தீ அந்த வெப்பத்தை எட்டாது. அது புகையாக இடம் மாற்றும், அவ்வளவுதான்.

குடிநீரைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கொழும்பின் குடிநீரில் பெரும் பகுதி அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வடிகாலில் விழுவது அந்த இடத்துக்குக் கீழே கடலில் சேர்கிறது. ஆகவே நமது தெருக்களின் கழுவல் நீர் நேராக நமது குழாய்க்குத் திரும்புவதில்லை. அதை முதலில் வாங்குவது கடலும் மீனும். ஆனால் அம்பத்தலைக்கு மேலே, ஆற்றின் இரு கரைகளிலும் பியகம முதல் அவிசாவளை வரை தொழிற்பேட்டைகளும் ஊர்களும் குப்பை கொட்டும் இடங்களும் இருக்கின்றன. 2015 ஆகஸ்டில் ஆற்றில் டீசல் கலந்தபோது அம்பத்தலையில் நீரெடுப்பு நிறுத்தப்பட்டதை நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். டீசலுக்கு மணமும் நிறமும் உண்டு. பிஃபாஸுக்கு இரண்டும் இல்லை. ஆய்வுகூடத்தில் தேடினால் மட்டுமே தெரியும்.

உடலுக்கு என்ன செய்கிறது?

இதைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும் பகுதி அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவிலிருந்து வந்தது. பார்க்கர்ஸ்பேர்க் அருகே டியூபொன்ட் ஆலையிலிருந்து குடிநீரில் கலந்த பி.எஃப்.ஓ.ஏ. தொடர்பாக, றொபேட் பிலொட் என்ற சட்டத்தரணி நடத்திய வழக்கின் இணக்கப்பாட்டின்படி ஏறத்தாழ 69,000 பேரின் உடல்நிலை ஆராயப்பட்டது. சுயாதீன விஞ்ஞானிகள் குழு 2012 அளவில் ஆறு நோய்களுக்கும் இந்த இரசாயனத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது: சிறுநீரகப் புற்றுநோய், விதைப் புற்றுநோய், தைரொயிட் நோய், பெருங்குடல் புண் அழற்சி, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம், உயர் கொலஸ்ட்ரோல்.

2023 நவம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவில் சேர்த்தது. பி.எஃப்.ஓ.எஸ். 'சாத்தியமானது' என்ற 2பி பிரிவில் வைக்கப்பட்டது. குழந்தைகளில் சில தடுப்பூசிகளின் பலன் குறைவது பற்றியும் ஆய்வுகள் உள்ளன. இவை உடலில் நுழைந்தால் அரைவாசி வெளியேறவே சில ஆண்டுகள் எடுக்கும்.

இதைப் படித்துப் பீதி அடையத் தேவையில்லை. பார்க்கர்ஸ்பேர்க் மக்கள் குடித்தது ஆலைக் கழிவு கலந்த நீர். நமது சுவர்ப் பூச்சிலிருந்து வருவது அதைவிட மிகக் குறைவு. ஆனால் குறைந்த அளவுக்கும் கணக்கு உண்டு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2024 ஏப்ரலில் குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஒவ்வொன்றுக்கும் விதித்த எல்லை லீற்றருக்கு 4 நனோகிராம். ஐந்து ஒலிம்பிக் நீச்சல் தடாகங்களில் ஒரே ஒரு துளி கலந்தால் வரும் அளவு அது. இலங்கைக் குடிநீருக்கான எஸ்.எல்.எஸ். 614 நியமத்தின் 2013 பதிப்பில் ஈயத்துக்கும் ஆசனிக்குக்கும் எல்லை உண்டு. பிஃபாஸுக்கு இல்லை.

நாட்டில் என்ன சட்டம் இருக்கிறது?

நிலைத்து நிற்கும் சேதன மாசுகள் பற்றிய ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையை இலங்கை 2005 டிசம்பரில் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த உடன்படிக்கையில் பி.எஃப்.ஓ.எஸ். 2009இலும், பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும், பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ். 2022இலும், நீண்ட சங்கிலிக் காபொக்சிலிக் அமிலங்கள் 2025இலும் சேர்க்கப்பட்டன. இது முக்கியமான பாதுகாப்பு. ஆனால் இதன் வேகத்தைப் பாருங்கள்: 16 ஆண்டுகளில் நான்கு பதிவுகள். ஒன்று தடைசெய்யப்படும்போது அதன் தம்பி போன்ற இன்னொரு சேர்வை சந்தைக்கு வருவதுதான் இந்தத் தொழிலின் வரலாறு. அதனால்தான் டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளும் 2023 ஜனவரியில் முழுக் குடும்பத்தையும் ஒன்றாகக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை ஐரோப்பாவில் வைத்தன. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிஃபாஸ் சேர்த்த தரைவிரிப்புகளை விற்பது 2023 ஜனவரியிலிருந்து தடை. மினசோட்டாவில் 2025 ஜனவரியிலிருந்து தரைவிரிப்பு, மெத்தையிட்ட தளபாடம் உட்பட 11 வகைப் பொருட்களில் தடை. 3எம் நிறுவனம் 2025 முடிவுக்குள் இந்த உற்பத்தியிலிருந்து முற்றாக விலகுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது.

ஒரு சந்தை மூடும்போது இருப்பில் உள்ள பொருள் எங்கே போகும் என்பது நமக்குப் புதிய கேள்வி அல்ல. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டின் கதையை எண்ணிப் பாருங்கள். 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்துவதாக அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உலகின் பெரிய அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதியாளரும் ரஷ்யாதான். சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் தடை ஒத்திவைக்கப்பட்டது, தேயிலைக்குக் கதவு திறந்தது. அன்றைய பேரத்தின் விலை இன்னும் லயன் அறைகளின் கூரையில் இருக்கிறது. ஒரு பொருள் நாடு முழுவதும் கூரையேறிய பின்னர் அதை இறக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனால் வெற்றி பெற்ற முன்மாதிரி ஒன்றும் நம்மிடம் உண்டு. அதுவும் சுவரில் பூசும் பொருளில்தான். கொழும்பைத் தளமாகக் கொண்ட சுற்றாடல் நீதி நிலையம் கடைகளில் விற்ற பெயின்ட்களை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பி, அவற்றில் ஈயம் இருப்பதை வெளிப்படுத்தியது. விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2011இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பெயின்ட்களில் ஈயத்துக்கு உச்ச எல்லை விதித்துப் பணிப்புரை வெளியிட்டது: எமல்ஷன் வகைக்கு 90 பி.பி.எம்., எனமல் வகைக்கு 600 பி.பி.எம். 2013 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று பெயின்ட் டின்களில் 'ஈயம் சேர்க்கப்படவில்லை' என்ற வாசகத்தைப் பார்க்கிறோம். யாரோ அளந்து பார்த்ததாலும், அளந்ததை வெளியில் சொன்னதாலும், அதை ஒரு சபை சட்டமாக்கியதாலும் வந்த வாசகம் அது.

பிஃபாஸுக்கும் தொடக்கம் அங்கேதான். டின்னிலும் பலகையிலும் விரிப்பிலும் 'புளோரின் சேர்வை உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதச் செய்வது. இலங்கையின் கட்டடப் பொருட்களில் கணிசமானவை இறக்குமதி. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும்போது அந்த விபரத்தைத் தரும் உற்பத்தியாளர், கேட்டால் கொழும்புக்கும் தர முடியும். இறக்குமதி அனுமதிப் பத்திரத்தில் ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய ஆய்வுகூடம் தேவையில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை, இலங்கை கட்டளைகள் நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் அதற்கான இடம் உண்டு.

வீடு கட்டுபவர், பூசுபவர் என்ன செய்யலாம்?

தேவையைக் கேள்வி கேளுங்கள். சமையலறை மேடைக்கு எண்ணெய்க் கறை தடுப்பு தேவைப்படலாம். வெளி மதிலுக்கு அது தேவையில்லை. தண்ணீர் ஊறாமல் இருப்பதே நோக்கம் என்றால் சிலேன், சிலொக்சேன் வகைச் சீலர் போதும். அதில் புளோரின் இல்லை. 

கடையில் பொருளின் தொழில்நுட்ப விபரத் தாளைக் கேளுங்கள். அதில் 'புளோரோ' என்று தொடங்கும் சொல், பி.வி.டி.எஃப்., பி.டி.எஃப்.ஈ., எஃப்.ஈ.வி.ஈ. ஆகிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்பதால் மட்டும் முழு நிச்சயம் வராது. மிகச் சிறிய அளவில் சேரும் பொருட்களைப் பாதுகாப்புத் தாள்களில் குறிப்பிட வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. அதனால்தான் லேபல் சட்டம் தேவைப்படுகிறது. கறை தடுப்புச் சிகிச்சை செய்த விரிப்பையும் சோபாத் துணியையும், முக்கியமாகச் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், தவிர்ப்பதே எளிது.

பெயின்ட் அடித்து முடிந்ததும் தூரிகையையும் றோலரையும் முதலில் பழைய பத்திரிகையில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பிறகு கழுவினால் வடிகாலுக்குப் போவது பெருமளவு குறையும். மிஞ்சிய பெயின்டை வடிகாலில் ஊற்ற வேண்டாம். பழைய பூச்சை உரசும்போது ஈரமாக்கி உரசுங்கள். பழைய வீடுகளில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால் இது இரட்டைப் பாதுகாப்பு. வேலை செய்பவருக்கு முகக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். பூச்சு வேலையின் மொத்தச் செலவில் அது மிகச் சிறிய தொகை.

வீட்டைக் கூட்டுவதோடு ஈரத் துணியால் துடையுங்கள். சாப்பிடுமுன் பிள்ளைகளின் கைகளைக் கழுவுங்கள். இடித்த பலகையையும் விரிப்பையும் எரிக்க வேண்டாம்.

தண்ணீரைக் கொதிக்க வைப்பது கிருமிகளுக்கு மருந்து. பிஃபாஸ் கொதியில் போகாது. செயலூட்டிய கரியும், அதைவிடக் கூடுதலாக எதிர்ச் சவ்வூடு பரவல் வடிகட்டியும் அதைக் குறைக்கும். ஆனால் கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை. தாய்ப்பாலில் இந்தச் சேர்வைகள் பல நாடுகளில் காணப்பட்டிருக்கின்றன. அதற்காகப் பாலூட்டுவதை நிறுத்த வேண்டாம் என்பதே மருத்துவத் துறையின் பொதுவான ஆலோசனை. தாய்ப்பாலின் நன்மை அந்த அபாயத்தைவிடப் பெரியது.

கடைசியாக, எவரும் பயன்படுத்தக்கூடிய ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அம்பத்தலை நீரில் பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. பரிசோதிக்கப்பட்டிருக்கிறதா, எந்த ஆண்டில், என்ன பெறுபேறு என்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் ஒரு பிரஜை எழுத்தில் கேட்கலாம். ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் சேர்ந்த இந்த இரசாயனங்கள் கலந்த எந்தப் பொருட்கள் நாட்டுக்குள் வருகின்றன என்று சுற்றாடல் அமைச்சிடம் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெயின்டில் ஈயத்துக்கு எல்லை வந்ததும் இப்படி யாரோ கேட்டு, அளந்து பார்த்ததில் தொடங்கித்தான்.